அந்தச் செவ்வாய்க்கிழமையின் கையெழுத்து

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரமே எழுத உட்கார்ந்தேன். பேப்பரை எடுத்து வைத்தால் போதும், யாராவது கதவைத் தட்டுகிறார்கள், இல்லாவிட்டால் அடுப்பில் மெழுகு வழிகிறது. இன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுதுகிறேன். போனில் கத்திச் சொன்னாலும் உனக்கு ஒன்றிரண்டு சொல்தான் கேட்கும், மீதியை நீயே நிரப்பிக்கொள்வாய். இது அப்படி நிரப்பிக்கொள்கிற விஷயம் இல்லை.

தீர்ப்பு வந்த மறுவாரமே நீ விடுதி வேலைக்குக் கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பல் டாக்டருக்கு மானநஷ்ட ஈடாக நீதிபதி கொடுத்தது ஒன்றுமே இல்லை, பேருக்கு ஒரு தொகை. அவருடைய கிளினிக்கில் காத்திருந்த இரண்டு பேர் முன்னால், ‘இந்த டாக்டர் என்னை மட்டமான பவுடரில் பல் செட் செய்யச் சொல்லிவிட்டு உசத்திப் பவுடருக்குக் காசு வாங்குகிறார்’ என்று நான் சொன்னதற்கு அதுதான் விலை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. வழக்குச் செலவைத் தோற்றவன் தர வேண்டும். எவ்வளவு என்பது பிறகு முடிவாகும். அந்தப் ‘பிறகு’தான் இப்போது வந்து கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருடம் வழக்காடியதைவிட இந்தச் செலவுச் சண்டை பெரிய சண்டையாக இருக்கிறது.

விஷயம் இதுதான். வழக்குப் போட்ட மூன்றாவது மாதம், அதாவது நமக்கு வக்கீல் இல்லாமல் நீயும் நானும் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், டாக்டர் எனக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினாராம். சொன்னதை அந்த இரண்டு பேர் முன்னாலேயே திரும்பப் பெற்றுக்கொண்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வழக்கை எடுத்துவிடுகிறேன், அவரவர் செலவு அவரவருக்கு என்று. இப்படிப்பட்ட சமரசக் கடிதத்தைத் தீர்ப்பு வரும்வரை நீதிபதிக்குக் காட்டக் கூடாதாம். செலவு விசாரணையில்தான் வெளியே எடுப்பார்களாம். இப்போது எடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நான் வாங்கியும் மதிக்கவில்லை என்றால், அன்றிலிருந்து அவருக்கு ஆன செலவு முழுவதையும், ஒரு காசு குறையாமல், நான் தர வேண்டும். வாங்கவே இல்லை என்றால் சட்டப்படியான சின்னத் தொகையோடு போய்விடும். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நம் கடை.

நான் அப்படி ஒரு கடிதத்தைக் கண்ணால் பார்க்கவில்லை அக்கா. ஆனால் அவர்கள் ஒப்புகை அட்டையைக் காட்டுகிறார்கள். அதில் என் பெயர் கையெழுத்தாக இருக்கிறது. அது என் கையெழுத்து இல்லை. தபால்காரரைக் கேட்டால், ‘கவுண்டர்ல இருந்த அம்மாதான் போட்டாங்க’ என்கிறார். நம் வக்கீல் தேதியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. நீ செவ்வாய்தோறும் காது ஆஸ்பத்திரிக்குப் போவாய் அல்லவா? அப்புறம் எந்த அம்மா? தபாலைக் கொடுக்காமலேயே அவராகக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று நான் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதோடு ஒரு பிரமாணப் பத்திரம் இருக்கிறது. அந்தத் தேதியில் நீ கடையில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தாய் என்று. நாலு வரிதான். அங்கே யாராவது நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

சாப்பாடு எப்படி? அறையில் காற்று வருகிறதா?

உன் தம்பி

*

ஜூன் 12

தம்பிக்கு,

கடிதமும் பத்திரமும் வந்தன. அறையில் ஜன்னல் இருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எனக்குக் கொடுத்திருப்பது துணிக் கிடங்கு. அறுபது பெண்களுக்கு விரிப்பு, தலையணை உறை, சோப்பு. கேட்கிறவர்கள் விரலால் எண்ணிக்கை காட்டிவிட்டுப் போகிறார்கள். காது இல்லாதவளுக்குத் தோதான வேலை.

நோட்டரி இந்தப் பக்கம் யார் என்று விசாரிக்க வேண்டும். வார்டனிடம் விடுப்புக் கேட்க வேண்டும். அதனால் கொஞ்சம் நாளாகும்.

ஒன்று கேட்கிறேன். நீ சொல்கிற தபால்காரர் நம்ம விசில்காரர்தானா? எப்போதும் விசிலடித்துக்கொண்டே சைக்கிளில் வருவாரே, அவரா? எனக்கு விசில் கேட்காது என்பதால் கவுண்டர் மேஜையில் மோதிரத்தால் மூன்று தட்டு தட்டுவார், நான் அதிர்வில் நிமிர்ந்து பார்ப்பேன். அவர் என்றால், அவருக்கு இதனால் ஏதாவது ஆகுமா? நீ எழுதிக் கொடுத்தது நீதிமன்றத்தோடு நின்றுவிடுமா, தபால் ஆபீசுக்கும் போகுமா?

இன்னொன்று. டாக்டரிடம் நேரில் போய்த் தொகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டால் என்ன? பன்னிரண்டு வருடம் அவருக்குப் பல் செய்து கொடுத்தவன் நீ. யார் கடிதம் அனுப்பினார், யார் வாங்கினார் என்று இந்த வயதில் தோண்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. உன் இஷ்டம்.

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள். பாலிஷ் போடும்போது கண்ணாடி மாட்டு.

அக்கா

*

ஜூன் 20

அக்கா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. நோட்டரியைத் தேடவா ஒன்பது நாள்? மூன்று வருடமாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நீ. ‘உங்க அக்காதான்யா பாதி வக்கீல்’ என்று நம் வக்கீலே சொன்னார். இப்போது நாலு வரியில் கையெழுத்துப் போட வார்டனிடம் விடுப்பு கிடைக்கவில்லையா?

டாக்டரிடம் நேரில் போகச் சொல்கிறாய். என்ன முகத்தோடு போவேன்? அவர் கிளினிக் இருக்கிற தெருவில்கூட நான் நடப்பதில்லை. மருந்துக்கடை வழியாகச் சுற்றிப் போகிறேன்.

கேட்டதற்குப் பதில்: ஆமாம், விசில்காரர்தான். விஷயம் தபால் ஆபீசுக்கும் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, வக்கீல் அனுப்பினார். அப்படி ஒரு புகார் இருந்தால்தான் நம் பேச்சுக்கு எடை இருக்குமாம். பட்டுவாடாவிலிருந்து அவரை எடுத்துவிட்டு உள்ளே மூட்டை பிரிக்கப் போட்டிருக்கிறார்கள். விசாரணை முடிகிறவரைக்கும்தான்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தார். சைக்கிள் இல்லை. சீருடையும் இல்லை, சாதாரணச் சட்டை. முதலில் அடையாளம் தெரியவில்லை. படி ஏறாமல் கீழேயே நின்றார்.

“சார், அம்மா ஊர்ல இல்லையா?”

“இல்ல.”

“எப்ப வருவாங்க?”

“தெரியாது.”

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க சார். அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்னிக்குத் தூறல். கவர் நனைஞ்சிருச்சுன்னு முந்தானையால தொடச்சாங்க.”

நான் வேலை இருக்கிறது என்று உள்ளே வந்து மோட்டாரைப் போட்டேன். அவர் போனதும் நிறுத்தினேன். கையில் செட் எதுவும் இல்லை, வெறும் மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் நீ மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமையில் தூறல் போட்டதா என்று யாருக்குத் தெரியும்? நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். செவ்வாய் என்றால் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். விசாரணை அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி. பத்திரம் அதற்குப் பத்து நாள் முன்னால் வக்கீல் மேஜையில் இருக்க வேண்டும்.

கையெழுத்தைப் போடு, போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தம்பி

*

ஜூன் 29

தம்பிக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எழுதத்தான் வேண்டியிருக்கிறது. இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதில் என்ன வருகிறதோ அதை அப்படியே அனுப்புகிறேன்.

அன்றைக்குத் தூறல்தான். அதனால்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காதில் ஈரம் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விசில்காரர் மேஜையைத் தட்டினார். அட்டையில் உன் பெயரைப் போட்டேன். பவுடர் பார்சலுக்கும் பல் பெட்டிக்கும் நூறு தடவை அப்படிப் போட்டிருக்கிறேன், நீதான் போடச் சொல்லியிருக்கிறாய். கவரைத் துடைத்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

மெழுகு வெட்டுகிற கத்தரியால் கவரைப் பிரித்தேன். நின்றபடியே படித்தேன். ஒரு பக்கம்தான். மரியாதையாக எழுதியிருந்தார். உன் வேலையில் தனக்கு இன்றைக்கும் குறையில்லை என்றுகூட ஒரு வரி இருந்தது. நீ பின்னால் மோட்டாரில் இருந்தாய். எனக்குச் சத்தம் கேட்காவிட்டாலும் மேஜை அதிர்கிறது தெரியும். பத்து அடி நடந்து வந்து உன் கையில் கொடுத்திருக்கலாம்.

கொடுக்கவில்லை. மடித்து நோயாளிகளின் பழைய அச்சு அட்டைகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு என் பெட்டிக்கு மாற்றினேன். இப்போதும் அது இங்கேதான், என் புடவைகளுக்குக் கீழே இருக்கிறது.

ஏன் என்று நீ கேட்பாய். டாக்டர்மேல் கோபம், நீ தலைகுனியக் கூடாது என்று நினைத்தேன் என்று எழுதினால் உனக்கும் எனக்கும் கௌரவமாக இருக்கும். முதலில் கிழித்த இரண்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அது உண்மை இல்லை.

காது போன பிறகு நம் வீட்டில் பேச்சு எப்படி இருந்தது என்று யோசித்துப் பார். கல்யாணம் ஆகாத இரண்டு பேர். நீ பட்டறையிலேயே நின்றபடி சாப்பிடுவாய். என்னைப் பார்த்தால் விரலால் ‘அதை எடு’, ‘இங்கே வை’. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. செவிட்டுப் பொம்பளையிடம் கத்திக் கத்தி யாருக்குத்தான் அலுக்காது? பிறகு வழக்கு வந்தது. வழக்கில் எல்லாமே காகிதம். காகிதத்துக்குக் காது வேண்டாம். நீ சாயங்காலம் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தாய். நான் எழுதியதைப் படித்துவிட்டு ‘இது சூப்பர்க்கா’ என்று வாயைப் பெரிதாக அசைத்துச் சொன்னாய். அன்று காலையில்கூட, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், நீ ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாய்: ‘நாலாவது பத்திக்குப் பதில் எழுதணும். சாயங்காலம் உக்காருவமா?’

அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் சாயங்காலம் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஜெயித்துவிடுவோம் என்றும் நினைத்தேன். ஜெயித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தோற்ற அன்றைக்கு, கடைசிப் பக்கத்தில் இருந்த வரியை உனக்கு முன்னால் நான் படித்துவிட்டேன். அதனால்தான் மறுவாரமே இங்கே ஓடி வந்தேன். ரிட்டையர் ஆகிற வயதில் எதற்கு இந்த வேலை என்று நீ கேட்டாய். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

*

ஜூலை 6

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். பல் செட் சுடுகிற அடுப்பில் போட்டேன், சாம்பல்கூட இல்லை. ஆகவே நீ எழுதவும் இல்லை, நான் படிக்கவும் இல்லை.

இருபத்தெட்டு வருடம் உழைத்த கடை. உன் எதிரில் உட்கார ஆள் வேண்டும் என்பதற்காக அதை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தினமும் உட்கார்ந்திருக்க மாட்டேனா? அதற்கு ஒரு வழக்கா வேண்டும்?

பத்திரத்தை மறுபடியும் அனுப்புகிறேன். பன்னிரண்டாம் தேதி கடைசி. நீ எனக்குச் செய்ததற்கு இதை ஈடாகச் செய். விசில்காரருக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம்தான் இருக்கிறது, எச்சரித்து விட்டுவிடுவார்களாம், வக்கீல் சொல்கிறார். பெரிதாக ஒன்றும் ஆகாது.

உன் பெட்டியில் இருப்பதையும் எரித்துவிடு.

*

ஜூலை 15

தம்பிக்கு,

நேற்று இரண்டு பதிவுத் தபால் அனுப்பினேன். ஒன்று செலவை நிர்ணயிக்கிற அதிகாரிக்கு. இன்னொன்று தபால் ஆபீஸ் மேலதிகாரிக்கு. இரண்டிலும் ஒரே விஷயம். அட்டையில் இருப்பது என் கை, கடிதத்தை வாங்கி உன்னிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டவள் நான், தபால்காரர் சொன்னது அத்தனையும் சரி. டாக்டரின் கடிதத்தையும் வைத்து அனுப்பிவிட்டேன். நோட்டரி விடுதிக்கு எதிர்த்த வீடுதான். முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாது என்பதை இரண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கிறேன். நீ கடிதத்தைப் பார்க்கவே இல்லை என்பது உண்மைதான். அதனால் உனக்குச் சலுகை உண்டா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிறவர்கள் வாங்கினால் நீ வாங்கியதற்குச் சமம் என்று நோட்டரி சொன்னார்.

பெரிதாக ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தாய். அவர் சாதாரணச் சட்டையில் வந்து படி ஏறாமல் நின்றார் என்றும் நீதான் எழுதினாய்.

இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் முதல் வாரமே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விசாரணை அறை என்றால் நாம் வழக்காடிய பெரிய ஹால் இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு ரூம், நடுவில் மேஜை, சுற்றி ஏழு நாற்காலி, மூலையில் ஒரு தண்ணீர்க் கேன். அதிகாரி ஒரு பெண். சளி பிடித்திருந்தது, கையில் கைக்குட்டை. உன் வாக்குமூலத்தை அவர் சத்தமாகப் படித்தார். ‘உடன் வசிப்பவர் வாங்கினால் வாங்கியதுதான்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதோடு முடிந்திருக்கும். நம் வக்கீல்தான் எழுந்து, என் கட்சிக்காரருக்கு எதுவும் தெரியாது, அக்காவின் செயலால் ஏமாற்றப்பட்டவர், நல்லெண்ணத்தில்தான் தபால்காரர்மேல் சந்தேகப்பட்டார் என்று பேசினார். நன்றாகவே பேசினார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

“இந்தக் கையெழுத்து உங்க அக்காவோடதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று தலையாட்டியிருந்தால் போதும். அவர் அட்டையை என் பக்கம் தள்ளினார். என் பெயரின் கடைசி எழுத்தில் வாலைக் கீழே இழுத்து ஒரு சுழி. மூன்று வருடமாக உன் எதிரில் உட்கார்ந்து எத்தனை பக்கம் பார்த்திருப்பேன், அந்தச் சுழி எனக்குத் தெரியாதா?

அக்கா, மே மாதம் வக்கீல் அந்த அட்டையின் நகலை முதல் தடவை என் கையில் கொடுத்தபோதே தெரியும். பார்த்த உடனேயே தெரியும். ‘யார் கையெழுத்து இது?’ என்று அவர் கேட்டார். ‘தெரியல சார்’ என்றேன். அவர், தபால்காரனே போட்டிருப்பான் என்றார். நான் சும்மா இருந்தேன். அப்புறம் எழுத்தில் வந்தது, நான் கையெழுத்துப் போட்டேன். உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் ‘ஆஸ்பத்திரிக்குப் போவாய் அல்லவா’ என்று கேட்டது உன்னிடம் நிஜம் தெரிந்துகொள்வதற்காக இல்லை. நீ அதைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றதும் அதற்காகத்தான். நீ மறந்துபோய் எங்கேயோ வைத்துவிட்டாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் மட்டும்தான் எனக்குப் புதிது.

அந்த அறையில் அதைச் சொன்னேன். “தெரியும் மேடம். பாத்ததுமே தெரியும்.” வக்கீல் என் முழங்கையைப் பிடித்தார், விட்டுவிட்டார். அதிகாரி வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். சத்தியம் செய்து பொய் எழுதிக் கொடுத்ததற்கு என்மேல் தனியாக நடவடிக்கை எடுக்கலாமாம். நானே ஒப்புக்கொண்டதால் அதை விட்டுவிட்டு, இந்தச் செலவு விசாரணைக்கு ஆன செலவையும் சேர்த்து முழுவதும் நான் கட்ட வேண்டும் என்று போட்டார். செலவுக்காக நடந்த சண்டைக்கும் தனியாகச் செலவு. இது வேறு யாருக்காவது நடந்திருந்தால் நீயும் நானும் சிரித்திருப்போம்.

கடையை விற்கப் பேசி முடித்துவிட்டேன். இயந்திரங்களோடு. அதிலும் அடையாத மிச்சத்தைத் தவணையில் கட்ட வேண்டும்.

வெளியே வராண்டாவில் டாக்டர் தனியாக நின்றிருந்தார். தலை முழுதும் நரைத்திருக்கிறது. மூன்று வருடமாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் போனேன்.

“டாக்டர், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. பவுடர் மட்டம்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. செட் உடஞ்சதுக்கு என்னைக் குத்தம் சொன்னீங்கன்னு கோபத்துல வாயில வந்ததைச் சொன்னேன். எங்க வேணும்னாலும் எழுதித் தரேன்.”

அவர் கோபப்படவில்லை. “இப்ப அது எனக்கு எதுக்கு?” என்றார். “அன்னிக்குக் காத்திருந்த ரெண்டு பேர்ல அந்த அம்மா தவறிட்டாங்க. இன்னொருத்தர் எங்க இருக்காருன்னே தெரியல. யார் முன்னாடி சொல்லப்போறீங்க?” லிஃப்ட் வந்தது. அவர் ஏறவில்லை, மாடிப்படியில் இறங்கிப் போனார். நான் கூட ஏறிவிடுவேன் என்று பயந்திருப்பார்.

டாக்டரின் கடிதம் அன்றே என் கையில் வந்திருந்தால் நான் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருப்பேனா என்று யோசிக்கிறேன். கட்டாயம் எழுதியிருப்பேன் என்றும் அந்தப் பொய்ப் பத்திரத்திலேயே சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அதுவும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அன்றைக்கு இருந்த வீம்பில், அதைக் கிழித்துப்போட்டுவிட்டு உன்னை உட்காரவைத்து இன்னும் காரமாக ஒரு பதில் எழுதச் சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. உன்மேல் மட்டும் பாரத்தைப் போட எனக்கு வழி இல்லை.

அடுத்த நாள் தபால் ஆபீசுக்குப் போனேன். விசாரணையை முடித்துவிட்டார்கள், ஆனால் பழைய தெருக்களைத் திருப்பித் தரவில்லை. அந்தத் தெருக்களை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினார்.

“எங்கிட்ட வேணாம் சார். நான் செய்யலன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து என் சம்சாரத்துக்கிட்டச் சொல்லுங்க. ரெண்டு மாசமா அவ எங்கிட்டச் சரியாப் பேசல. கேட்டா, ‘நெருப்பில்லாமலா புகையும்’ங்குறா.”

ஆறு மணிக்கு அவரோடு பஸ்ஸில் போனேன். ஒரே சீட். மாடியில் ஒற்றை அறை, பக்கத்தில் சமையலுக்கு ஒரு இடுக்கு. அந்த அம்மா சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

“நீங்கதானா அது?”

“நான்தாம்மா. உங்க வீட்டுக்காரர் பொய்க் கையெழுத்துப் போடல. அது எங்க அக்கா கையெழுத்து. பாத்ததுமே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அவர் மேல எழுதிக் கொடுத்தேன்.”

“எதுக்கு?”

“கட்ட வேண்டிய தொகை குறையும்னு.”

“எவ்வளவு குறையும்?”

சொன்னேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “பெரிய தொகைதான்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே, ஆமாம் பெரிய தொகைதான், ஒரு மனுஷனை விற்கலாம்போல என்று யோசித்த மாதிரி சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலில் செருப்பை மாட்ட இரண்டு நிமிஷம் ஆயிற்று, கால் நுழையவே இல்லை.

இவ்வளவுதான் நடந்தது. நீ வர வேண்டாம். கோபத்தால் சொல்லவில்லை. உன் எதிரில் உட்கார எனக்கு முகம் இல்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

வருகிறேன் என்று நானும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் என்ன முகம் இருக்கிறது.

நீ சுழியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாய் என்று படித்தபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். என் கையெழுத்து உனக்கு அவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று. அப்புறம்தான் மற்றதெல்லாம் உறைத்தது. அந்த ஒரு நிமிஷச் சந்தோஷத்துக்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

தவணையில் பாதியை என் சம்பளத்திலிருந்து நீதிமன்ற அலுவலகத்தில் நேராகக் கட்ட ஏற்பாடு செய்துவிட்டேன். உன் வழியாக வந்தால் நீ வேண்டாம் என்பாய்.

விசில்காரர் வீட்டம்மாவுக்கு நானும் ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

நம் வழக்கு முடிந்துவிட்டது. இனி பதில் எழுத வேண்டிய பத்தி எதுவும் இல்லை. வழக்கு இல்லாமல் நீயும் நானும் எழுதிக்கொள்ள ஏதாவது இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு இங்கே இன்று சலவைக்காரர் பதினோரு தலையணை உறை குறைத்துக் கொடுத்தார், நாலு தடவை எண்ணினோம், கடைசியில் ஒரு விரிப்புக்குள் மொத்தமாகச் சுருண்டு கிடந்தன. சொல்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது.

உனக்கும் ஏதாவது இருந்தால் எழுது. இல்லாவிட்டால் வேண்டாம்.

அக்கா

*

செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் இந்தப் பேப்பரைப் பையிலேயே வைத்துச் சுமந்தேன்.

இப்போது பல் செட் செய்கிற ஒரு லேபில் வேலை செய்கிறேன். ஐந்து பேர். முதலாளி என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். அவரை ‘சார்’ என்று கூப்பிட முதல் வாரம் நாக்குப் புரளவில்லை, இப்போது பழகிவிட்டது. ஜன்னலோர இருக்கை கொடுத்திருக்கிறார்கள், பல் நிறம் பார்க்க வெளிச்சம் நன்றாக இருக்கிறது. மத்தியானம் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். நின்றபடி சாப்பிட அங்கே இடமில்லை.

முந்தாநாள் ஒருவர் வந்தார். பஸ் டிரைவர், ரிட்டையர் ஆனவர். மேல்வரிசை முழுதும் செட். மெழுகில் பல் அடுக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா இது நான் இல்லையே” என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோ எடுத்துக் காட்டினார். முன் பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல்மணி நுழைகிற இடைவெளி. அது வேண்டுமாம். முதலாளி, “காசு கொடுத்து யாராவது ஓட்டைப் பல்லு கேப்பாங்களா, இருக்குற மாதிரியே முடிச்சிரு” என்கிறார். டிரைவரின் மகளும் அதையேதான் சொல்கிறாள், ஊர் சிரிக்கும் என்று. டிரைவர் போட்டோவை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மாதிரியும் மெழுகில் அடுக்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன். இடைவெளி உள்ளதைப் பார்த்தால் ஒரு ஆள் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. மற்றது வெறும் பல்லாக இருக்கிறது. ஆனால் சம்பளம் கொடுக்கிறவர் சொல்வதையும் தள்ள முடியாது. என்ன செய்யலாம் என்று எனக்கு முடிவுக்கு வரத் தெரியவில்லை.

பதினெட்டாம் தேதிதான் வார்க்கிறோம். அதுவரை இரண்டையும் கலைக்காமல் வைத்திருக்கிறேன். நீயாக இருந்தால் எதைக் கொடுப்பாய்?

உன் தம்பி